செம்பிறை தோன்றிய வரலாறு

நாடுகளுக்கிடையே உடன்படிக்கை என்றால் அதை மன்னர்களும் மந்திரிகளும் தூதர்களுமே செய்து முடிக்கிறார்கள் என்பது பொதுவான எண்ணம். பள்ளிக்கூட வரலாற்று நூல்களும் நமக்கு அவ்வாறே பயிற்றுவித்திருக்கின்றன. ஆனால், போர்க்களத்தில் வீழ்ந்தவன் எந்த நாட்டவனாயினும் அவனுக்குச் சிகிச்சை அளித்தாக வேண்டும் என்னும் விதி எந்த அரசாங்கத்தின் சிந்தையிலும் உதித்ததன்று. எவருடைய ஆணையுமின்றி ஓர் ஊரில் கூடிய ஐந்து தனி மனிதர்கள் எழுதி, அரசுகளின் முன் நீட்டி, கையொப்பம் பெற்ற விதி அது. அரசு சாராத நிறுவனங்கள் என்று இன்று நாம் வழங்குகிறோமே, அவை உலக நாடுகளின் உறவில் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. அந்த வரலாற்றில் முஸ்லிம் உலகத்திற்கும் இந்திய முஸ்லிம்களுக்கும் உரிய பங்கு நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. ஆகவே அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

கதை தொடங்குவது அல்ஜீரியாவில். ஜெனீவா நகரத்து வணிகரான ஹென்றி டுனான்ட், பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியிருந்த அந்நாட்டில் ஜமீலா என்னுமிடத்தில் மாவு ஆலை ஒன்றை நிறுவப் பங்குதாரர்களிடம் பணம் திரட்டியிருந்தார். ஆலைக்கு நிலமும் நீர் உரிமையும் வேண்டும். அல்ஜீரிய அதிகாரிகளோ அவரை அலைக்கழித்தார்கள். நேரே சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனையே கண்டு முறையிடுவது என்று முடிவு செய்தார் டுனான்ட். சக்கரவர்த்தியோ அப்போது வட இத்தாலியில் ஆஸ்திரியப் படையை எதிர்த்துப் போரில் இருந்தார். எனவே அவரைத் தேடி டுனான்ட் யுத்த முனைக்கே புறப்பட்டார். மனித குலத்திற்கு மகத்தான நன்மை செய்த ஒரு பயணம், குடியேற்ற நாட்டில் ஒரு முதலாளி தன் சலுகைக்காக மேற்கொண்ட பயணமாகத் தொடங்கிற்று. இதை மறைத்து எழுதுவோர் உண்டு. மறைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அல்ஜீரியா என்றவுடன் இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். 1832 முதல் 1847 வரை பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற அமீர் அப்துல் காதிர், தம் கையில் சிக்கிய கைதிகளைக் கொல்லவோ வதைக்கவோ கூடாது என்று கட்டளையிட்டவர். அல்ஜியர்ஸ் நகரத்துக் கத்தோலிக்க ஆயருடன் கைதிப் பரிமாற்றம் செய்துகொண்டவர். டமாஸ்கஸ் நகரில் நாடு கடத்தப்பட்டவராக வாழ்ந்த காலத்தில், 1860-ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களின் உயிரைக் காத்தவரும் அவரே. டுனான்டுக்கும் அமீருக்கும் உறவு கற்பிக்க நாம் முனையவில்லை. வீழ்ந்த பகைவனும் மனிதனே என்னும் உணர்வு ஒரு கண்டத்தின் தனிச்சொத்து அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

1859-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் சோல்ஃபெரினோவில் நடந்த போரில் இருதரப்பிலும் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். அருகிலிருந்த காஸ்திலியோனே என்னும் சிற்றூரின் மாதா கோவில்களிலும் வீடுகளிலும் வீதிகளிலும் காயம்பட்டோர் கிடந்தனர். படையோடு வந்த வைத்தியர்கள் மிகச் சிலர். டுனான்ட் தம் காரியத்தை மறந்து, அவ்வூர்ப் பெண்களைத் திரட்டி, பிரெஞ்சுக்காரன் ஆஸ்திரியன் என்று பாராமல் தண்ணீர் கொடுக்கவும் புண் கட்டவும் முனைந்தார். சில நாள் வேலைதான். வேறொருவராயிருந்தால் அதை ஒரு துயர நினைவாகச் சுமந்துகொண்டு ஊர் திரும்பியிருப்பார்.

டுனான்ட் அந்த நினைவை நூலாக எழுதினார். 1862-இல் சொந்தச் செலவில் 1,600 பிரதிகள் அச்சிட்டு, ஐரோப்பாவின் அரச குடும்பத்தாருக்கும் தளபதிகளுக்கும் அனுப்பி வைத்தார். நூலின் முடிவில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, சமாதான காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் தொண்டர் சங்கங்கள் அமைத்துப் பயிற்சி அளிப்பது. மற்றொன்று, காயம்பட்டோருக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் பாதுகாப்பளிக்கும் ஒப்பந்தம் ஒன்றை நாடுகள் செய்துகொள்வது. 1863 பிப்ரவரி 17-இல் ஜெனீவாவில் ஐவர் குழு கூடியது. டுனான்டுடன் வழக்கறிஞர் குஸ்தாவ் முவானியே, தளபதி துஃபூர், மருத்துவர்கள் அப்பியா, மோனுவார் ஆகியோர் அதில் இருந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் 16 நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வந்து கூடினர். 1864 ஆகஸ்ட் 22-இல் முதல் ஜெனீவா ஒப்பந்தத்தில் 12 அரசுகள் கையொப்பமிட்டன. பத்தே விதிகள் கொண்ட சிறிய ஒப்பந்தம். நூல் வெளிவந்து இரண்டாண்டுகள்கூட நிரம்பவில்லை!

இந்த வேகத்தின் இரகசியத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். தனி மனிதர்கள் அரசுகளுக்கு ஆணையிட முடியாது. ஒப்பந்த மாநாட்டுக்கு அழைப்பு விடுக்கும் தகுதிகூட அவர்களுக்கு இல்லை. ஆகையால் விதிகளின் வரைவை ஐவர் குழு எழுதியது. அழைப்பைச் சுவிட்சர்லாந்து அரசு அனுப்பியது. ஓர் அரசு இந்த வரைவைக் கொண்டுவந்திருந்தால் இதில் யாருக்கு என்ன ஆதாயம் என்று மற்ற அரசுகள் ஐயுற்றிருக்கும். நிலமும் படையும் இல்லாதவர்கள் கொண்டுவந்ததால் அந்த ஐயத்திற்கு இடமில்லாமற் போயிற்று. பிற்காலத்தில் இவ்வகை அமைப்புகள் சாதித்தவற்றுள் பெரும்பாலானவை இந்த வழியிலேயே நடந்தன. கண்ணிவெடிகளைத் தடை செய்ய 1992-இல் ஆறு தொண்டு நிறுவனங்கள் தொடங்கிய இயக்கம், கனடா அரசின் துணையுடன் 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகளின் கையொப்பம் பெற்றதும் இதே வழியில்தான்.

இனிச் சின்னத்தின் கதைக்கு வருவோம். வெண்ணிறத் துணியில் செந்நிறச் சிலுவையை அடையாளமாகக் கொண்டார்கள். சுவிட்சர்லாந்துக் கொடியின் வண்ணங்களை மாற்றி அமைத்ததே இது, இதில் மதம் ஏதுமில்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது. ஐரோப்பியரின் காதுக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்திருக்கலாம். நம் மொழியில் அச்சங்கத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். சிலுவை என்ற தமிழ்ச் சொல்லுக்கு மதப் பொருளைத் தவிர வேறு பொருள் கிடையாது. கூட்டல் குறியை நாம் சிலுவை என்பதில்லை. செஞ்சிலுவைச் சங்கம் என்று பெயர் சூட்டிய நம் முன்னோர், ஜெனீவாக்காரர்கள் மறுத்த பொருளையே உண்மைப் பொருளாக எடுத்துக்கொண்டனர். இஸ்தான்புல்லில் இருந்தவர்களுக்கும் அது அப்படியே தோன்றியதில் வியப்பில்லை.

உதுமானிய அரசு 1865-இலேயே ஒப்பந்தத்தில் இணைந்துவிட்டது. 1868-இல் அங்கே காயமுற்ற, நோயுற்ற போர்வீரர்களுக்கான உதவிச் சங்கம் ஒன்றும் தோன்றியது. அதை நிறுவியவர்கள் யார் என்று பார்த்தால் சுவையாக இருக்கிறது. வியன்னாவில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய டாக்டர் அப்துல்லாஹ் பே, கிரேக்கக் கிறிஸ்தவரான மருத்துவர் மார்க்கோ பாஷா, கிரிமியாவைச் சேர்ந்த டாக்டர் அஜீஸ் பே, செர்பிய வமிசத்திற் பிறந்து முஸ்லிமாகித் தளபதியாக உயர்ந்த உமர் பாஷா! சங்கம் தொடக்கத்தில் அரசாங்கத்தின் ஆதரவின்றித் தளர்ந்து கிடந்தது. பால்கன் பிரதேசத்தில் போர் மூண்ட பிறகே அதற்கு உயிர் வந்தது.

1876 நவம்பரில் உதுமானிய அரசு சுவிட்சர்லாந்து அரசுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தது. பகைவரின் செஞ்சிலுவையை எங்கள் படை மதிக்கும், ஆயினும் எங்கள் முஸ்லிம் வீரர்களின் உள்ளம் புண்படாதிருக்க எங்கள் மருத்துவ வண்டிகளில் செம்பிறையே விளங்கும் என்பது அதன் சாரம். ஜெனீவாவில் இருந்தவர்களுக்கு இது உவப்பாயில்லை. ஆளுக்கொரு சின்னம் வைத்துக்கொண்டால் போர்க்களத்தில் எதைத்தான் மதிப்பது என்று அவர்கள் கவலையுற்றனர். அந்தக் கவலை நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. மூண்டு வந்ததோ 1877-ஆம் ஆண்டின் ருஷ்ய-துருக்கி யுத்தம். முடிவில் துருக்கியர் சிலுவையை மதிப்பது, அதற்கு ஈடாக ருஷ்யர் பிறையை மதிப்பது என்று இருதரப்பும் இசைந்தன. காயம்பட்ட துருக்கியனைக் காப்பது அவன் தலைமேல் பறக்கும் பிறை அன்று. எதிரில் நிற்கும் ருஷ்யன் அதைக் கண்டு துப்பாக்கியைத் தாழ்த்துவதே அவனைக் காக்கிறது. சின்னம் யாருடையது என்ற வழக்கைவிட இது முதன்மையானது. ஹிலாலெ அஹ்மர் என்று அவ்வாண்டு பெயர் மாற்றம் பெற்ற அந்தத் துருக்கியச் சங்கமே உலகின் முதற் செம்பிறைச் சங்கம். 1929-இல் ஜெனீவா ஒப்பந்தம் பிறையையும், பாரசீகத்தின் செஞ்சிங்கமும் சூரியனும் கொண்ட சின்னத்தையும் எழுத்தில் ஏற்றுக்கொண்டது. ஈரான் 1980-இல் சிங்கத்தைக் கைவிட்டுப் பிறைக்கு மாறியது.

டுனான்டின் வாழ்வு இடையிலேயே சரிந்துவிட்டது. அல்ஜீரிய வாணிபம் முறிந்து 1867-இல் அவர் திவாலானார். குழுவிலிருந்தும் ஊரிலிருந்தும் விலக்கப்பட்டு, ஹைடன் என்னும் மலையூரின் ஆதுலர் சாலையில் முதுமையைக் கழித்தார். 1901-இல் முதலாவது நோபல் சமாதானப் பரிசு அவருக்கும் பிரெஞ்சுக்காரரான ஃப்ரெதெரிக் பாஸிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்திய முஸ்லிம்கள் இந்த வரலாற்றில் நுழைவது 1912-ஆம் ஆண்டில். பல்கேரியா, செர்பியா, கிரீஸ், மாண்டினீக்ரோ ஆகிய நான்கும் சேர்ந்து துருக்கியைத் தாக்கின. மௌலானா முஹம்மது அலி தமது 'காம்ரேட்' இதழின் வாயிலாக நிதி திரட்டினார். டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரியின் தலைமையில் அகில இந்திய மருத்துவத் தூதுக்குழு ஒன்று டிசம்பரில் பம்பாயிலிருந்து கப்பலேறியது. நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, இலண்டன் மருத்துவமனைகளில் பணியாற்றித் தேர்ந்தவர் அன்சாரி. குழுவில் வைத்தியர்களோடு, படிப்பை இடையில் விட்டுவந்த அலிகார் இளைஞர்களும் இருந்தனர். 1913 ஜூலை வரை துருக்கியக் காயாளிகளுக்குப் பணி செய்து அவர்கள் திரும்பினார்கள். பெஷாவர்வாசியான அப்துர் ரஹ்மான் மட்டும் துருக்கியிலேயே தங்கிவிட்டார். பின்னாளில் ஆப்கானிஸ்தானுக்குத் துருக்கியின் தூதராகச் சென்றவர் அவர்.

இந்தக் குழுவை வெறும் சமய அனுதாபம் என்று ஒதுக்கிவிடுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அன்று இந்தியாவுக்கு உலக அரங்கில் தூதரும் இல்லை, கொடியும் இல்லை. இந்தியர்களின் பெயரால் யாரோடு உறவு, யாரோடு பகை என்பதை இலண்டன் தீர்மானித்தது. அவ்வாறு வாயடைக்கப்பட்ட ஒரு மக்கள், தாங்களே பணம் சேர்த்து, தங்கள் வைத்தியர்களை அயல்நாட்டுப் போர்முனைக்கு அனுப்பினார்கள் என்றால் அது சாதாரண காரியமன்று. அரசு இல்லாதவர்களுக்கு உலகத்தோடு பேசக் கிடைத்த கதவு இத்தகைய சங்கம் ஒன்றே. அன்சாரி 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தபோது, அவரை வரவேற்றவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பழைய பயணம் நினைவுக்கு வந்திருக்குமோ!

முதல் உலக யுத்தத்தில் ஜெனீவாக் குழு புதியதொரு பணியை மேற்கொண்டது. கைதிகளையும் காணாமற் போனவர்களையும் தேடும் அலுவலகம் அது. தொண்டர்கள் ஏறத்தாழ 70 இலட்சம் அட்டைகளில் பெயர்களை எழுதி அடுக்கினார்கள். காந்தியடிகளின் வரலாற்றை எழுதியதால் நமக்கு அறிமுகமான ரொமேன் ரோலந்தும் அங்கே அமர்ந்து கடிதங்களுக்குப் பதில் எழுதியவர்தாம். பகை நாடுகள் இரண்டும் தத்தம் கைதிப் பட்டியல்களை ஒரே அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்தன. துருப்புகள் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருக்கையில் காகிதங்கள் மட்டும் ஒத்துழைத்தன. 1917-இல் ஜெனீவாப் பிரதிநிதிகள் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் வந்து ஆங்கிலேயர் வசமிருந்த துருக்கியக் கைதிகளின் முகாம்களைப் பார்வையிட்டனர். அவற்றுள் ஒன்று, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரி. ஊர் பேர் தெரியாத தேசத்தில் அடைபட்டுக் கிடந்த அனதோலியக் குடியானவனின் சேதி அவன் வீட்டை எட்டியதற்கு இத்தகைய அட்டையும் இத்தகைய வருகையுமே காரணம்.

ஆனால், வாயிற்கதவைத் திறப்பவன் அரசாங்கம். அவன் மனம் கோணினால் உள்ளே செல்ல வழியில்லை. இந்த நிர்ப்பந்தத்தின் விலை 1942-இல் தெரிந்தது. 1929-ஆம் ஆண்டு ஒப்பந்தம் போர்க் கைதிகளைக் காத்ததேயன்றிச் சாதாரணக் குடிமக்களைக் காக்கவில்லை. அவர்களுக்காக 1934-இல் டோக்கியோ மாநாட்டில் வரைந்த விதிகள் ஒப்பந்தமாகு முன்பே யுத்தம் வந்துவிட்டது. ஜெர்மானிய ஆட்சியின் கீழ் யூதர்கள் எங்கே கொண்டு செல்லப்படுகிறார்கள் என்ற செய்தி ஜெனீவாவை எட்டியிருந்தது. பகிரங்க வேண்டுகோள் ஒன்றுக்கு வரைவு தயாராயிற்று. அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஆயினும் 1942 அக்டோபர் 14-ஆம் நாள் கூட்டத்தில், சுவிட்சர்லாந்தின் அவ்வாண்டு ஜனாதிபதி பிலிப் எட்டரும் வந்து அமர்ந்திருக்க, அந்த வேண்டுகோள் கைவிடப்பட்டது. பேசினால் ஜெர்மானியர் கதவை அடைத்துவிடுவர், இலட்சக்கணக்கான போர்க் கைதிகளுக்குச் செய்யும் பணியும் நின்றுபோகும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். சுவிட்சர்லாந்தின் நடுநிலை பற்றிய அச்சமும் அதனுள் கலந்திருந்தது. 1995-இல் அக்குழுவின் தலைவர் கொர்னேலியோ சொம்மருகா அதனை ஓர் அறத் தோல்வி என்று ஒப்புக்கொண்டார்.

நைஜீரியாவின் பியாஃப்ரா யுத்தத்தில் செஞ்சிலுவையின் கீழ்ப் பணிபுரிந்த பிரெஞ்சு மருத்துவர் சிலருக்கு இந்த மௌனம் பொறுக்கவில்லை. பட்டினியால் மடியும் குழந்தைகளைக் கண்டவன் கண்டதைச் சொல்லவும் கடமைப்பட்டவன் என்றார்கள் அவர்கள். 1971 டிசம்பரில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்னும் அமைப்பு பாரிஸில் பிறந்தது. சொல்லுக்கும் விலை உண்டு என்பது பின்னர் தெரிந்தது. 2009 மார்ச்சில் சூடானிய அதிபர் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கைதாணை பிறப்பித்தவுடன், டார்ஃபூரிலிருந்து 13 அயல்நாட்டு நிறுவனங்கள் வெளியேற்றப்பட்டன. அவற்றுள் அம்மருத்துவர்களின் இரு பிரிவுகளும் அடங்கும். வெளியேற்றப்பட்டவர்களின் மருந்தகங்களில் வரிசையில் நின்ற நோயாளிகளுக்கு எந்தக் கொள்கை சரி என்று நாம் எப்படி விளக்குவது?

அதே 2009-இல் நம் கண்ணெதிரே வன்னி இருந்தது. 2008 செப்டம்பரில் இலங்கை அரசு ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலர்களையும் தொண்டு நிறுவனங்களையும் அங்கிருந்து வெளியேறச் சொன்னபோது, செஞ்சிலுவையின் சர்வதேசக் குழு அங்கேயே தங்கிற்று. பிப்ரவரி முதல் மே வரை வன்னிக் கரையிலிருந்து காயம்பட்டோர், நோயுற்றோர், அவர்தம் உறவினர் என ஏறத்தாழ 14,000 பேரைக் கடல் வழியே திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டு சேர்த்தது. அதன் உள்ளூர்ப் பணியாளர் மூவர் அந்நாட்களில் கொல்லப்பட்டனர். மே மாதத்தின் நடுவில், வழக்கமாக வாய் திறவாத அந்தக் குழு, கற்பனைக்கெட்டாத பேரவலம் நடக்கிறது என்று பகிரங்கமாகவே அறிவித்தது. அதற்குள் கப்பல் கரையை அணுக முடியாத நிலை வந்துவிட்டது. 14,000 உயிர் என்பது சிறிய கணக்கன்று. கரையில் விடப்பட்டவர்களின் கணக்கு இன்னமும் தீரவில்லை.

சின்னத்தின் வழக்கு 2005 டிசம்பரில் ஒருவாறு முடிந்தது. சிலுவையும் பிறையும் வேண்டாதவர்களுக்காகச் செம்படிகம் என்னும் மூன்றாவது சின்னத்தை நாடுகள் ஏற்றுக்கொண்டன. அதன் பயனாக 2006 ஜூன் 22 அன்று இஸ்ரேலின் மாகென் டேவிட் அடோம் சங்கமும் பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கமும் ஒரே நாளில் உலகச் சம்மேளனத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டன. இரு சங்கங்களும் முன்னதாகவே தம்முள் உடன்பாடு செய்துகொண்டிருந்தன. தம் அரசியல் தலைவர்களால் இயலாத ஒன்றை ஆம்புலன்ஸ் வண்டிக்காரர்கள் செய்து முடித்தார்கள்.

2025 மார்ச் 23-ஆம் நாள் விடியலில் காஸாவின் ரஃபா நகரில், காயம்பட்டோரைத் தேடிச் சென்ற செம்பிறைச் சங்கத்தார் எட்டுப் பேர், உள்நாட்டு மீட்புப் படையினர் அறுவர், ஐக்கிய நாடுகள் அலுவலர் ஒருவர் ஆகப் பதினைந்து பேர் இஸ்ரேலியப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு வாரம் கழித்து அவர்களின் உடல்கள் மணலுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டன. வண்டிகள் விளக்கின்றி ஐயத்திற்கிடமாக வந்தன என்று படைத்தரப்பு முதலில் கூறிற்று. பின்னர், மாண்டவர்களுள் ஒருவருடைய கைப்பேசியிலிருந்து கிடைத்த ஒளிப்படம் வெளியாகவே, அந்தக் கூற்று தவறென ஒப்புக்கொண்டது. அந்தப் படத்தில் அடையாளம் பொறித்த வண்டிகள் வரிசையாகச் செல்கின்றன. விளக்குகள் எல்லாம் எரிகின்றன.